ரத்னபாய் பறம்பில் விழுந்த பனி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நான்காம் ஆண்டு கிறிஸ்துமசுக்கு முந்தைய வாரம், உதியன்குளங்கரைக்குத் தெற்கே ரத்னபாயின் வீட்டைச் சுற்றிய பறம்பில் மட்டும் உறைபனி விழுந்தது. வேலிக்கு அந்தப்புறம் ஸ்ரீகுமாரி வீட்டு வாழைகள் வழக்கம்போல வெயில் காய்ந்து நின்றன. இந்தப்புறம் கிணற்றுக் கயிறு கம்புபோல விறைத்திருந்தது. துவைகல்லில் கிடந்த சேலையை எடுத்தபோது அது பலகையாக எழுந்து வந்தது. முற்றத்து மண்ணில் பொடியுப்பைத் தூவியதுபோல வெள்ளை படர்ந்திருந்தது. வெயில் ஏறியதும் கரைந்தது. மறுநாள் விடிந்தபோது மறுபடியும் இருந்தது. மாசி பிறக்கும்வரை அப்படித்தான்.

பார்க்க வந்தவர்கள் வேலிக்கு வெளியே நின்று கையை மட்டும் உள்ளே நீட்டிப் பார்த்தார்கள். எல்லைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த காலம், பேச்சு உடனே அதில் போய் விழுந்தது. தெற்குத் திருவிதாங்கூர் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்றவர்கள் அதைத் தங்கள் நியாயத்துக்குச் சாட்சி என்றார்கள். சேரக் கூடாது என்றவர்கள் அந்த வீட்டின்மேல் விழுந்த சாபம் என்றார்கள். மீன்காரி புஷ்பபாய்தான் காரியமாகப் பேசினாள். "ரத்னம், சாளை மிச்சம் வந்தா ஒனக்க முற்றத்துல வச்சிட்டுப் போறேன். நாளைக்கும் கண்ணு முழிச்சிக் கிடக்கும்." வைத்தாள். அது அப்படியே கிடந்தது.

ரத்னபாயின் புருஷன் எலியா தையற்காரன். பிள்ளைகள் இல்லை. மிஷன் கோயில் கல்லறைத் தோட்டத்தில் கேட்டு வாங்கிய ஐந்து லில்லிக் கிழங்குகளைப் படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே நட்டு வளர்த்தான். வைத்தியர்கள் விஷமூங்கில் என்று சொல்கிற இனம். தேங்காய்ப் பருமனில் கிழங்கு, அதற்குமேல் நீண்ட கழுத்து, மழை பிடித்ததும் கொத்தாக வெள்ளைப் பூ. போராட்டத்தில் இறங்கிய பிறகு, வீட்டில் இனிக் கலப்பில்லாத தமிழ்தான் என்று சட்டம் போட்டான். அந்தப் பக்கத்தில் தமிழரோ மலையாளியோ எல்லார் வாயிலும் பனி என்றால் காய்ச்சல். எலியாவுக்கு அது பொறுக்கவில்லை.

"எட்டி, அது மலையாளமாக்கும். தமிழில பனின்னா குளிரு. காய்ச்சல்னு சொல்லிப் பழகு."

"குளிரடிச்சிக் காய்ச்சல் வந்தா?"

"பனிக்காய்ச்சல்னு சொல்லு, போ" என்று அவனே சிரித்துவிட்டான். அவள் பழகிக்கொண்டாள். நாளடைவில் அவள் காதும் பழகிவிட்டது.

அந்த வருடம் ஆகஸ்டில் துப்பாக்கிச்சூட்டில் முடிந்த ஊர்வலத்துக்குப் பிறகு போலீசுக்குப் பயந்து எலியா பனச்சமூட்டுக்கு அப்பால் மலையடிவாரத்தில் ஒளிந்திருந்தான். ஸ்ரீகுமாரியின் புருஷன் மோகனன் சந்தைக்கு மாட்டுவண்டி ஓட்டுகிறவன். அவன் எலியாவைப் பார்த்துவிட்டு வந்து வேலியருகே நின்று சொன்னான். "அக்கா, அண்ணனுக்கு நல்ல பனியாக்கும். வல்லதும் எதாவது குடுத்துவிடணும்." மலைப்பக்கம் குளிராமல் இருக்குமா என்று நினைத்து, வீட்டில் இருந்த ஒரே கம்பிளியை அவள் மடித்துக் கொடுத்தாள். காய்ச்சல்காரனுக்குப் போர்த்திக்கொள்ள வேண்டும்தானே என்று அவனும் வாங்கிக்கொண்டு போனான். காய்ச்சலுக்கான கொய்னா மாத்திரை அலமாரியிலேயே இருந்தது. எலியா அந்தக் கம்பிளிக்குள் கிடந்து செத்துப்போனான். அங்கேயே புதைத்தார்கள். செய்தியோடு திரும்பி வந்த மோகனனும் அவளும் பேசிக்கொண்ட பிறகுதான், ஒரே வார்த்தை இருவருக்கும் வேறு வேறாக இருந்தது தெரியவந்தது. பிறகு அவன் வேலியருகே வருவதில்லை.

எலியாவின் படம் என்று வீட்டில் ஒன்றுகூடக் கிடையாது. அவன் நட்டவற்றில் உயிரோடு இருந்தவை அந்த ஐந்து கிழங்குகள்தான். குளிர் அவற்றைத்தான் பிடித்தது. முதல் வாரத்திலேயே இலைகள் வெந்த கீரைபோலக் குழைந்து விழுந்தன. மூணாறுக்கு லாரி ஓட்டும் ஈசாக் வந்து பார்த்தார். அங்கே தேயிலைத் தோட்டத்து பங்களாக்களில் குளிர்காலத்துக் கிழங்குகளைப் பார்த்துப் பழகியவர். "இலை போனாப் போகட்டு மக்கா. கழுத்த அறுத்திராத. நனஞ்சு கிடந்து குளிர்ந்தாலாக்கும் அழுகுறது" என்றார். அவள் உரித்த தேங்காய்த் தொண்டுகளைக் கிழங்குகளின் கழுத்தைச் சுற்றி அடுக்கினாள். அதன்மேல் காய்ந்த வாழைச்சருகு, வைக்கோல், தண்ணீர் இறங்காமல் இருக்க முடைந்த ஓலை. பொழுது சாயும்போது மூடி, வெயில் ஏறிய பிறகு திறந்துவிட்டாள். அப்படியும் முதல் குளிர்காலத்தில் ஒன்று அழுகியது. அடுத்த மார்கழியில் பனி திரும்பி வந்தபோது இரண்டு. தோண்டியபோது விரல் உள்ளே போயிற்று.

ஐம்பத்தாறு நவம்பரில் எல்லையைக் கீறினார்கள். எலியாவைப் புதைத்த இடம் மெட்ராஸ் மாநிலத்துக்குப் போயிற்று, வீடு கேரளத்தில் நின்றது. கேட்டது அவனுக்குக் கிடைத்துவிட்டது என்று கோயிலில் சிலர் சொன்னார்கள்.

அந்த டிசம்பரில் ஸ்ரீகுமாரி வேலியைத் தாண்டி வந்தாள். "சேச்சி, ரெண்டெண்ணமாவது மிச்சமுண்டல்லோ. நம்ம பறம்புல கொண்டு வையும். அங்க குளிரும் இல்ல ஒரு மண்ணும் இல்ல." இன்னொரு குளிர்காலத்தைக் கிழங்குகள் தாங்காது என்று ரத்னபாய்க்குத் தெரிந்திருந்தது. சம்மதித்தாள். இரண்டையும் வேர் அறாமல் தோண்டி, பனையோலைக் கடவத்தில் சுமந்துபோய், தன் வாழைகளுக்கு நடுவில் மோகனன் நட்டான்.

மறுநாள் விடிந்தபோது ரத்னபாயின் முற்றம் காய்ந்து கிடந்தது. கிணற்றுக் கயிறு தொய்ந்து தொங்கியது. அந்தப்புறம் வாழைகள் கறுத்துத் தலை கவிழ்ந்திருந்தன, கோழிகள் கூட்டை விட்டு இறங்கவில்லை. குளிர் கிழங்குகளோடு போயிருந்தது. அவள் செருப்பில்லாமல் முற்றத்தில் இறங்கி நின்றாள். மண் இளஞ்சூடாக இருந்தது. மூடவும் திறக்கவும் ஒன்றும் இல்லை. எலியா இறந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. வீட்டில் யாரும் இல்லை என்பது அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

நேராக வேலியைத் தாண்டிப் போனாள். "எனக்க கிழங்க எனக்குத் தா, பிள்ளே."

"அங்க வச்சா செத்துப்போகுமே சேச்சி."

"இங்க வச்சாலும் குளிரத்தான் செய்யும். நான் பாத்துக்கிடுதேன்."

கறுத்த வாழைகளைத் தாண்டிப் போய் ஸ்ரீகுமாரி மண்வெட்டியை எடுத்து வந்தாள். மோகனன் கடவத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு பல் கிட்டக்கிட்ட வந்தான். ஜன்னலுக்கு வெளியே குனிந்து குழி வெட்டிக்கொண்டிருந்தவன் நிமிராமலே சொன்னான். "அக்கா, அன்னைக்கு நான் காய்ச்சல்னு ஒரு வாக்கு சொல்லியிருந்தா..."

ரத்னபாய் குழிக்குள் எட்டிப் பார்த்தாள். "ஆழம் போதாது மக்கா. கழுத்து வரைக்கும் மண்ணு வரணும்."

அவன் இன்னும் ஒரு முழம் வெட்டினான். அந்த ஆழத்தில் கிழங்குகள் பிழைத்துக்கொண்டன. மறுநாள் காலையில் அவள் பறம்பில் வெள்ளை படர்ந்திருந்தது.

இடம் மாறிய கோபத்தில் ஒரு வருடம் அவை பூக்கவில்லை. அதற்கு அடுத்த மழையில் இரண்டும் பூத்தன. அவள் இரண்டு தண்டையும் வெட்டி, ஈரத்துணியில் சுற்றி, எலியாவின் குழிமேல் வைக்கப் பனச்சமூட்டுக்கு பஸ் ஏறினாள். பிறகு வருடாவருடம் போனாள். எந்த மாநிலத்து பஸ்சானாலும் அவள் பக்கத்தில் உட்காருகிற பெண்கள் குளிருக்கு முந்தானையை இழுத்துத் தோளில் போர்த்திக்கொள்வார்கள், பேச்சு நிற்காது. கண்டக்டர் அவளுக்கு டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு, வெயிலடிக்கிற நாளாக இருந்தாலும், அந்தப் பக்கத்துப் படுதாவை இறக்கிவிட்டு அடுத்த ஆளிடம் போவார்.