வயிற்றுக்குள் வைத்த வலை

சூர்யகலாவுக்குத் தொப்புள் ஓரம் குடல் பிதுங்கிக்கொண்டிருந்தது. இரண்டாவது பிள்ளை பிறந்தபோது எலுமிச்சம்பழம் அளவு இருந்த வீக்கம், தறியில் உட்கார்ந்து மிதித்து மிதித்து சாத்துக்குடி அளவுக்கு வந்துவிட்டது. ஆரணியில் காட்டினால் வேலூருக்குப் போகச் சொன்னார்கள். இரண்டாயிரத்து நாலு தை மாதம், வேலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் லேப்ராஸ்கோப்பி செய்தார்கள். வயிற்றைக் கிழிக்கவில்லை, கண்ணுங்களா. விலாப்பக்கம் மூன்று துளை போட்டு, ஒன்றில் கேமராவை விட்டு, டிவியில் பார்த்துக்கொண்டே குடலை உள்ளே இழுத்து, அது வெளியே வந்த வழியை ஒரு வலையால் மூடினார்கள்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டர் அவள் புருஷன் ஜெயக்குமாரைக் கூப்பிட்டு, அந்த வலையில் மிஞ்சிய துண்டைக் காட்டினார். அவன் பட்டு நெசவாளி. விரலில் உருட்டினான், இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தான்.

"இன்னா சார் இது, நைலானா?"

"அந்த மாதிரிதான். இதுக்குள்ள சதை வளந்து பிடிக்கணும். ரெண்டு மாசம் குடம் தூக்கக் கூடாது, தறி மிதிக்கக் கூடாது."

ஜெயக்குமார் தலையாட்டினான். பட்டு நூலைவிட நைலான் கெட்டி என்று அவனுக்குத் தெரியும். நெய்து அறுத்த அன்றே துணி முழுத் துணிதான். அதற்குள் எது வளர வேண்டும்? நூலைப் பற்றித் தனக்கே ஒருவர் பாடம் எடுக்கிறாரே என்று, பஸ் கண்ணமங்கலம் தாண்டும் வரை சிரித்துக்கொண்டே வந்தான்.

வீட்டில் தறியில் பாதிச் சேலை நின்றிருந்தது. அவன் தங்கை தேவிப்ரியாவின் நிச்சயத்துக்காக சூர்யகலா நெய்துகொண்டிருந்தது. நடுவில் வேறு ஆள் உட்கார்ந்தால் அடிக்கும் வேகம் மாறி, சேலைக்குக் குறுக்கே கோடு விழும். மாப்பிள்ளை வீட்டாரும் நெசவுக்காரர்கள். கோட்டின் மேல் நேராக விரலை வைப்பார்கள். நிச்சயத்துக்குப் பத்து நாள் இருந்தது.

மாமியார் சின்னம்மாள் மருமகளின் புடவையை விலக்கிப் பார்த்தாள். மூன்று சின்ன பிளாஸ்திரி.

"இவ்ளோதானா? கொயந்தைக்கு ஊசி போட்டாகூட இதவிட பெருசா தழும்பு வுழும்."

ஆஸ்பத்திரியில் கொடுத்த சிடியைப் போட்டு, பக்கத்து வீட்டு சாவித்திரியையும் கூப்பிட்டுக் காட்டினாள்.

"படத்துல சொட்டு ரத்தம் காணோமேக்கா," என்றாள் சாவித்திரி.

"அதுக்குத்தான் மகாராணி மூணு நாளா படுத்துகினு கீறா."

மறுநாள் காலை ஜெயக்குமார் தறியைத் தூசி தட்டினான்.

"ஏங்க, உள்ள சுருக்குசுருக்குன்னுது. டாக்டரு ரெண்டு மாசம்னாருங்க."

"டாக்டருக்கு நூலப் பத்தி இன்னா தெரியும்? ஓட்ட வயித்தோட அன்னிக்கி மிதிச்ச. இப்போ நைலான் வெச்சி அடச்சிகீது. ஜல்தி குந்து."

அவள் தறிக்குழியில் காலை இறக்கினாள். இடுப்பில் ஒரு துண்டைச் சின்னம்மாளே இறுக்கிக் கட்டிவிட்டாள். ஒவ்வொரு மிதிக்கும் அவள் பல்லைக் கடித்தாள். அடி மட்டும் மாறவில்லை. ஏழாம் நாள் முந்தானை முடிகிற நேரத்தில் பச்சையாக வாந்தி எடுத்தாள். சேலையில் படாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு எடுத்தாள்.

"முடியற நேரத்துல பேஜார் பண்றா பாரு," என்றாள் சின்னம்மாள்.

வயிறு பலகையாக இறுகிவிட்டது. ஆனாலும் சேலையை அறுத்து மடித்து உள்ளே வைத்துவிட்டுத்தான் கார் பிடித்தார்கள்.

இதற்கு மேல் கேட்கக் கொஞ்சம் மனதைப் பிடித்துக்கொள்ளுங்கள். வலையின் ஓரம் சதையை விட்டுக் கழன்று, அந்தச் சந்தில் குடல் புகுந்து முறுக்கிக் கறுத்துப்போயிருந்தது. இந்தத் தடவை துளை போட நேரமில்லை. நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புளுக்குக் கீழே வரை கிழித்து, ஒரு முழம் குடலை வெட்டி எடுத்தார்கள். வலையையும் எடுத்து ஒரு தட்டில் வைத்து டாக்டர் காட்டினார்.

"சதை பிடிக்க நாளே கொடுக்கலியேப்பா."

ஜெயக்குமார் குனிந்து பார்த்தான். ஒரு இழைகூட அறுந்திருக்கவில்லை.

"நூலு கெட்டிதான் சார்," என்றான்.

நிச்சயம் தள்ளிப்போகவில்லை. மாப்பிள்ளை வீட்டார் சேலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். ஒரு குறையும் சொல்லவில்லை.

மறுநாள் சின்னம்மாள் வேலூருக்கு வந்தாள். கட்டு மாற்ற நர்ஸ் பஞ்சை எடுத்தபோது நீளமான தையலைக் கண்டு வாயில் கையை வைத்துக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது. கல்யாணமாகி வந்த ஆறு வருஷத்தில் முதல் தடவையாக மருமகளின் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

"இப்பதான்மே ஆபரேஷன் பண்ணா மாதிரி கீது. மொதல்லயே இப்டி கிழிச்சிருந்தா உன்ன நாங்க இன்னாத்துக்குத் தறில குந்த வெக்கிறோம், சொல்லு."

நர்ஸ் புது பஞ்சு எடுத்து வரப் போனாள். பக்கத்துக் கட்டில்காரி எட்டிப் பார்த்தாள். சின்னம்மாள் துணியை இன்னும் கொஞ்சம் விலக்கிக் காட்டினாள்.

"அத்தை, மூடுங்க. குளிருது," என்றாள் சூர்யகலா.

"இரு, சாவித்திரி படியேறி வந்துகினு கீறா. அவ ஒரு வாட்டி பாத்துடட்டும்."