மூடும்போது வந்த பிழை

ஒலிப்புத்தக நிலையத்தில் பாடங்களை வாசிப்பவளுக்கு எல்லோரும் வைத்த பெயர் வெண்கலம். அடைத்த கதவுக்கு வெளியேயும் கணீரென்று கேட்கும் குரல். அங்கே கணினிகளைப் பார்த்துக்கொண்டவள் அவளுடைய அண்ணனின் மனைவி.

அன்று மதியம் வெண்கலம் முகம் வாடி வந்து நின்றாள். தொண்டை கட்டக் கட்ட அவள் வாசித்த உயிரியல் பாடம் சர்வரில் வெறும் பெயராக இருந்தது, அளவு பூஜ்யம். பதிவு மென்பொருளோ 'சேமிக்கப்பட்டது' என்று பச்சை எழுத்தில் காட்டியிருந்தது. அவள் பொத்தானை அழுத்த மறந்திருப்பாள் என்றார் மேலாளர். சர்வரைக் கவனிப்பவர், டிஸ்க்கில் பாதிக்கு மேல் காலி, தன் பக்கம் கோளாறே இல்லை என்று கையை விரித்தார்.

"நான் அழுத்துனேன் அண்ணி. பச்சை எழுத்தப் பாத்துட்டுத்தான் எழுந்தேன்."

"தெரியும். நீ போய் வெந்நீர் குடி. இத நான் விடுறதா இல்ல."

பதிவுகளைச் சேமிக்கும் ஃபோல்டர் பதிவறைக் கணினியில் தெரிந்தாலும், உண்மையில் அடுத்த அறை சர்வரில் இருப்பது; நெட்வொர்க் வழியாக இணைத்திருந்தார்கள். அண்ணி தன் குரலையே பதிந்து பார்த்தாள். கணினியின் சொந்த டிஸ்க்கில் நன்றாகச் சேர்ந்தது. அந்த ஃபோல்டரில் பூஜ்யம். கேபிளை மாற்றினாள். அப்போதும் பூஜ்யம்.

மென்பொருள் இயங்குதளத்திடம் கேட்கும் ஒவ்வொன்றும் ஒரு சிஸ்டம் கால். அவற்றையும் கிடைக்கும் பதில்களையும் வரிவரியாகக் காட்டும் கருவியை ஓட்டினாள். திற: சரி. எழுது: சரி. எழுது: சரி. கண் பூத்துப்போகும் அளவுக்குச் சரி. மேலாளர் எட்டிப் பார்த்து, நாளைக்குப் பார்க்கலாமே என்றார். திரும்பாமலேயே, இன்றைக்கே என்றாள்.

கடைசி வரி வந்தது. மூடு: பிழை. ஒதுக்கிய இடம் தீர்ந்துவிட்டது.

எழுதியதெல்லாம் அதுவரை இந்தக் கணினியின் நினைவகத்திலேயே தங்கியிருந்தது. ஃபைலை மூடும்போதுதான் சர்வருக்குப் போனது, சர்வர் மறுத்துவிட்டது. அந்த மறுப்பை மென்பொருள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

சர்வர்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார். டிஸ்க் காலிதான், ஆனால் ஒவ்வொருவருக்கும் இவ்வளவுதான் என்று போன வாரம் வரம்பு வைத்தவர் அவரே. உடனே அதைக் கூட்டினார். மேலாளர் வெண்கலத்திடம் நேரே போய், தெரியாமல் சொல்லிவிட்டதாக வருத்தம் தெரிவித்தார்.

அண்ணிக்கு அது போதவில்லை. அந்த மென்பொருள் நாளைக்கும் பொய் சொல்லும். பதிவு முதலில் சொந்த டிஸ்க்கில் தங்கி, பிறகு சர்வருக்குப் போய், இரண்டும் ஒத்துப்போனால் மட்டும் பச்சை காட்டும்படி ஒரு சின்ன நிரல் எழுதினாள். சோதித்துப் பார்க்க வரம்பை மறுபடி குறைக்கச் சொன்னாள்.

"இப்பத்தானேம்மா ஏத்துனேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் குறைத்தார்.

வெண்கலம் ஒரு பத்தி வாசித்தாள். திரையில் சிவப்பு எழுத்து: 'சர்வரில் சேரவில்லை. பதிவு இங்கே பத்திரமாக உள்ளது.'

போட்டுக் கேட்டாள். ஒரு சொல்கூட விடுபடவில்லை.

"இல்லன்னா இல்லன்னு சொல்லுது பாருங்க அண்ணி. அது போதும்."

வரம்பைப் பழையபடி ஏற்றினார்கள். வெண்கலம் கதவைச் சாத்திக்கொண்டு உயிரியல் பாடத்தை முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினாள்.