புளியில் ஊறிய பவளக்கற்கள்

குமுதவல்லி புளி போட்டுத் தேய்த்தால் பித்தளை தங்கமாகிவிடும் என்று சன்னிதித் தெருவில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் தலைக்கேறியும் இருந்தது. அந்தக் கைதான் கடைசியில் வினையாகிப் போயிற்று.

மறுநாள் அவள் கணவர் முரளீதரனுக்கு முதல் வருஷத் திதி. மண்டபம் என்கிற கடலோர ஊரில் கடல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த மகள் லக்ஷணா, கையில் ஒரு பிளாஸ்டிக் பெட்டியோடு வந்து இறங்கினாள். மூன்று வருஷம் கடலடியில் வைத்திருந்து எடுத்த பவளக்கற்கள் அதில் இருந்தன. திதி முடிந்ததும் சென்னைக்குக் கொண்டுபோய் ஸ்கேன் எடுக்க வேண்டும், அதுவரை யாரும் தொடக்கூடாது என்று சொல்லிப் பெட்டியை மாடியறையில் வைத்தாள்.

சாப்பிடும்போது மகள் விளக்கியதைக் குமுதவல்லி பாதிக் காதில்தான் வாங்கிக்கொண்டாள். கடற்பஞ்சு என்று ஒரு பிராணியாம். அதில் சில வகை அமிலம் சுரந்து பவளக்கல்லைத் துளைத்து, உள்ளேயே குடியிருக்குமாம். வெளியே பார்த்தால் கல் முழுசாகத்தான் தெரியும். எல்லாமே அப்படியில்லை; தண்ணீரை வடிகட்டுகிறதும் கடற்பஞ்சுதான், உடைந்த துண்டுகள் அலையில் உருண்டு போகாமல் பிடித்துவைத்து மேலே புதுப் பவளம் முளைக்க வழி செய்கிறதும் அதுதான். துளைப்பதும் பிடித்துவைப்பதும் சமமாக இருக்கும்வரை பாறைக்கு ஆபத்தில்லை. ஆனால் போன கோடையில் கடல் கொதித்துப் பவளமெல்லாம் வெளுத்துச் செத்தபிறகு, துளைக்கிறவற்றின் கை ஓங்கிவிட்டது.

“உள்ள எவ்வளவு போயிருக்குன்னு இந்தக் கல்லுதாம்மா சொல்லணும். வெச்ச இடமே செத்துப்போச்சு. திரும்ப எடுக்க முடியாது” என்றாள் லக்ஷணா.

பெண்பிள்ளை கடலில் முங்கிப் பூச்சி புழுவைப் பார்த்துக்கொண்டிருப்பது குமுதவல்லிக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. முரளீதரன்தான் மகள் கட்சி. தாலுகா ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்றதும் மண்டபத்துக்கே போய், படகில் உட்கார்ந்து ஒவ்வொரு கல்லாக எடுத்துக் கொடுத்துவிட்டு வந்த மனுஷர்.

சாயங்காலம் லக்ஷணாவும் அவள் அண்ணன் ஸுதர்சனும் வாழையிலை வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தபோது, மாடியிலிருந்து நாற்றம் இறங்கியது. செத்த பிராணியின் நாற்றம். விடிந்தால் வாத்தியார் வருவார், ஹோமம் வளர்க்க வேண்டும், வீடு மடியாக இருக்க வேண்டும். அவளுக்கு உடம்பு கூசியது. பெட்டியைத் தெருவில் எறிந்துவிடலாமா என்றுகூட நினைத்தாள். எறியவில்லை, அந்த மட்டுக்கும் நல்லவள்தான். கொல்லைக் குழாயடியில் பழைய டப் ஒன்றில் கற்களைப் போட்டு, தேங்காய் நார் வைத்து நாலா பக்கமும் அழுத்தித் தேய்த்து, கெட்டியாகப் புளி கரைத்து ஊற்றினாள். குபுகுபுவென்று நுரைத்தது. அழுக்கு விடுகிறது என்று அவளுக்குத் திருப்தி. இன்னொரு உருண்டைப் புளியையும் கரைத்து ஊற்றி, ஊறட்டும் என்று மூடிவைத்தாள்.

காலையில் தலைக்குக் குளித்து, மடிப்புடவையோடு கொல்லைக்குப் போனவள், மூடியைத் திறந்ததும் நாற்றம் குறைந்திருப்பதைப் பார்த்து மகளைப் பெருமையாகக் கூப்பிட்டாள். லக்ஷணா வந்து ஒரு கல்லைத் தூக்கினாள். அது அவள் கையிலேயே பொலபொலவென்று உதிர்ந்தது. அடுத்ததும் அப்படித்தான். உள்ளே ஏற்கெனவே சல்லடையாகியிருந்த கற்களுக்குள் புளித்தண்ணீர் புகுந்து, மிச்சச் சுவரையும் கரைத்திருந்தது.

“நாத்தம் தாங்கலைடி. அலம்பித்தான் வெச்சேன்” என்றாள் குமுதவல்லி.

லக்ஷணா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. “புளியும் அமிலந்தாம்மா. கடற்பஞ்சு மூணு வருஷமா பண்ணினதை நீ ஒரே ராத்திரில முடிச்சுட்டே” என்றாள். பிறகு குந்தி உட்கார்ந்து, கொஞ்சம் பெரிதாக இருந்த துண்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள்.

“என்னடி தேடறே?”

“அப்பா ஒவ்வொரு கல்லுக்கும் அடியில ஆணியால ஸ்ரீ போட்டுத்தான் கொடுத்தார். கல்லையெல்லாம் பலகையில ஒட்டித்தான் கடல்ல இறக்கினோம், அதனால அடிப்பக்கம் அழியலை. நேத்திக்குக் கிளம்பறப்போகூடத் தொட்டுப் பார்த்தேன்.”

பால்காரனுக்குச் சீட்டு எழுதினாலும் தலைப்பில் ஸ்ரீ போடாமல் எழுத மாட்டார் அவர். கல்லின் அடியில் ஏதோ கீறல் தட்டுப்பட்டதும், போகமாட்டேன் என்கிறதே என்று அந்த இடத்தில் நாரை வைத்து இரண்டு மடங்கு தேய்த்ததும் குமுதவல்லிக்கு நினைவு வந்தது. அவர் கையெழுத்தை, அவர் திதிக்காக, அவளேதான் தேய்த்து எடுத்திருக்கிறாள்.

“நீ வேணும்னு பண்ணலை, தெரியும்” என்று சொல்லிவிட்டு லக்ஷணா மாடிக்குப் போனாள். அந்த வார்த்தைதான் குமுதவல்லியை அறைந்தது. மகளின் பூச்சி புழு ஒழிகிறதென்று நுரையைப் பார்த்து உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷப்பட்டது அவளுக்குத்தானே தெரியும்.

வாத்தியார் வந்துவிட்டார் என்று ஸுதர்சன் வாசலிலிருந்து கூப்பிட்டான். திதிச் சமையல், தளிகை, இன்னும் பாதியில் நின்றது. செத்ததைத் தொட்டால் மறுபடி தலைக்குக் குளிக்காமல் அடுப்பங்கரைக்குப் போக முடியாது. அது தெரிந்தும் குமுதவல்லி மடிப்புடவையோடு டப் அருகில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் அந்தக் கலங்கல் தண்ணீருக்குள் விட்டு, ஒரு எழுத்தாவது தட்டுப்படுகிறதா என்று துழாவிக்கொண்டிருந்தாள்.