நாற்பத்தொரு 'நல்லா'

1.
இந்தக் கதை ஒரு பொய்யில் தொடங்கியது. அதை எழுதியவன் நான்தான்.

முதல் வரி: 'கிரேன் ஓட்டும் அண்ணனின் கண்களில் உறக்கம் ஒரு பறவையைப் போல…'

சீ. கண் சிவந்திருந்தது, அவ்வளவுதான்.

2.
சரக்கு முற்றத்தில் அண்ணன் தூக்கிய இரும்புக் கட்டு, கம்பி அறுந்து விழுந்தது. கீழே நின்ற கூட்டாளி அங்கேயே இறந்துபோனார். அன்றிலிருந்து அண்ணனுக்குத் தூக்கமில்லை. ஆழ்ந்த தூக்கம் வருமா, மன அழுத்தம் தணியுமா என்று ஓர் ஆஸ்பத்திரியில் பெப்டைட் எனும் சிறு புரதத் துண்டை ஊசியில் போட்டு ஆராய்ந்தார்கள். அந்த நாற்பத்திரண்டு நாள் சோதனையில் அண்ணன் சேர்ந்தார்.

நர்ஸ் முதல் நாளே சொல்லிவிட்டார்: "ஊசியில இருக்கிறது மருந்தா, உப்புத் தண்ணியான்னு எனக்கே தெரியாது. தினம் காலையில படிவத்த மட்டும் உண்மையா நிரப்புங்க."

பேனா பிடித்தால் அண்ணனுக்குக் கை நடுங்கும். அதனால் எழுதியது நான்.

"தூக்கம் எப்படிண்ணே?"

"நல்லா."

"விடிய விடிய கட்டில் ஓரத்துல உக்காந்துட்டு நல்லாவாம்!" என்றாள் அண்ணி. "அந்தக் கட்டில் தூங்கிச்சு, இவரு தூங்கல."

"நீ எழுதுடா."

எழுதினேன்.

3.
(ஏன் என்று கேட்பீர்கள். முற்றத்தில் தினமும் காலையில் மேஸ்திரி வரிசையில் நிறுத்தி "உடம்பு எப்படி?" என்பார். 'நல்லா' என்றவனுக்கு வேலை. வேறு சொன்னவன் வீட்டுக்கு. ஆறு வருடம் நானும் அங்கே மூட்டை தூக்கினவன். எங்கள் வாய்க்கு வேறு பதில் பழக்கமில்லை.)

4.
நேற்று நர்ஸ் சிரித்தபடி சொன்னார்: "உங்க அண்ணனுக்கு ஊசி நல்லா கேட்டிருக்கு. நாளைக்குக் கடைசிப் படிவம். அதப் பாத்து கம்பெனி டாக்டர் கையெழுத்துப் போட்டா கிரேன்ல ஏறிடலாம்."

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் உண்மையைச் சொல்கிறேன். அண்ணனுக்கு வேலை போகிறது, என்னோடு பேச்சும் நிற்கிறது. இன்னொன்றில் மருந்து தாமதமாக வேலை செய்கிறது, எனக்கே நம்பிக்கையில்லை. மூன்றாவதில் அண்ணன் மேலே ஏறுகிறார், கீழே ஒருவன் வந்து நின்று…

5.
காலை ஏழு மணி. நாற்பத்திரண்டாவது நாள் படிவம் காலி. அண்ணன் சட்டை மாட்டுகிறார். பொத்தான் விரலில் நிற்கவில்லை, அண்ணி போட்டுவிடுகிறாள்.

"எழுதிட்டியாடா?"

வாசகரே, இந்தாருங்கள் பேனா. எழுதுமுன், கீழே நிற்கப் போகிறவனுக்கு ஒரு முகம் கொடுங்கள். அதைக் கொடுக்காமல்தான் நான் நாற்பத்தொரு நாளும் எழுதினேன்.