வடிகட்டியில் சிவப்பு

சீகன் நகரைத் தாண்டி நெடுஞ்சாலை மலையேறத் தொடங்கும் இடத்தில் லொறிக்கு மூச்சு வாங்கியது. ஞானப்பிரகாசம் மிதியை அழுத்த அழுத்த வேகம் குறைந்துகொண்டே போனது. பின்னால் வந்த பெரிய லொறிகள் ஹோர்ன் அடித்தபடி விலகிப் போயின. அவன் வண்டியைச் சாலையோரத்துக்கு ஒதுக்கவும், எஞ்சின் குலுங்கி நின்றுவிடவும் சரியாக இருந்தது.

2009 ஜனவரி. அந்தக் கிழமை ஜெர்மனி முழுவதும் உறைந்து கிடந்தது. லொறிப் பெட்டிக்குள் பிராங்பேர்ட் விமான நிலையத்தில் காலையில் ஏற்றிய வாழையிலைக் கட்டுகளும் முருங்கைக்காயும் மஞ்சள் கொத்துகளும் இருந்தன. டோர்ட்முண்ட் தமிழ்க் கடைகள் பொங்கலுக்குக் கேட்டிருந்த சாமான்கள். எஞ்சின் ஓடினால்தான் பெட்டிக்குள் சூடு வரும். நின்றுவிட்டால் இலை கறுக்கத் தொடங்கும்.

முதலாளி தம்பித்துரைக்கு அழைத்தான்.

"நீ சூடாக்காமல் எடுத்திருப்பாய்," என்றார் அவர், நடந்ததைக் கேட்டு முடிக்கும் முன்னமே.

"இல்லை அண்ணை, நல்லாச் சூடாக்கித்தான் எடுத்தனான்."

"அப்ப மற்ற லொறியள் எல்லாம் எப்பிடி ஓடுது? உன்ர லொறிக்கு மட்டும் குளிருதோ? இலை கறுத்தால் கடைக்காரருக்கு நீயே பதில் சொல்லு. நில், நானும் வாறன்."

ஞானப்பிரகாசம் கைபேசியை இருக்கையில் எறிந்தான். ஆனால் அந்தக் கேள்வி நியாயமானது. மற்ற லொறிகள் எப்படி ஓடுகின்றன?

டீசலுக்குள் இயல்பாகவே மெழுகு கரைந்து இருக்கிறது. சூடு இருக்கும்வரை அது கண்ணுக்குத் தெரியாது. குளிர ஆரம்பித்ததும், மார்கழியில் போத்தலுக்குள் தேங்காயெண்ணெய் வெள்ளை கட்டுவதுபோல, மெழுகு சின்னச் சின்னத் தகடுகளாகப் பிரிகிறது. டாங்கிக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஒரு வடிகட்டி உண்டு. தூசி போகாமல் இருக்க அதன் துளைகளை மிக நுண்ணியதாகச் செய்திருப்பார்கள். மெழுகுத் தகடுகள் அதில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும். அதனால்தான் வண்டி காலையில் ஒழுங்காகப் புறப்படும், கொஞ்சத் தூரம் ஓடும், பிறகு மலையில் எஞ்சின் கூடுதலாக டீசல் கேட்கிற நேரம் பார்த்து நின்றுவிடும். டாங்கி நிறைய டீசல் இருக்கும், எஞ்சின் பட்டினி கிடக்கும்.

இது நடக்கக்கூடாது என்றுதான் குளிர்காலத்தில் இந்த நாட்டின் பம்புகளில் வேறு டீசல் விற்கிறார்கள். அதில் சேர்க்கும் மருந்து மெழுகை இல்லாமல் செய்வதில்லை. தகடுகளைப் பெரிதாக வளரவிடாமல் தடுக்கிறது. பொடியான தகடுகள் வடிகட்டிக்குள் நுழைந்து போய்விடும். ஞானப்பிரகாசத்துக்கு இது தெரியும். ஆகவே எந்தப் பம்புக்காரன் பழைய கோடை டீசலைத் தலையில் கட்டினான் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தான்.

பழுது பார்க்கும் வண்டியில் ஹோல்கர் என்ற மெக்கானிக் வந்து, லொறியை அடுத்த தரிப்பிடத்துக்கு இழுத்துப் போனான். வடிகட்டியைக் கழற்றி, உள்ளே இருந்ததை ஒரு கண்ணாடிப் போத்தலில் ஊற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தான். கஞ்சிபோல் கலங்கி இருந்தது. நிறம் மஞ்சள் இல்லை, இளஞ்சிவப்பு.

"இது டீசல் இல்லை," என்றான் ஜெர்மனில். "ஹைட்ஸ்யோல். வீடு சூடாக்குகிற எண்ணெய். எங்கே அடித்தீர்கள்?"

"நான் அடிக்கவில்லை," என்று சொல்லி முடிக்கும்போதே ஞானப்பிரகாசத்துக்கு விளங்கிவிட்டது.

இலையுதிர்காலத்திலிருந்து தம்பித்துரை ஒவ்வொரு ஞாயிறும் லொறியைத் தன் வீட்டுக்கு எடுத்துப் போய் டாங்கியை நிரப்பிக் கொடுத்து வந்தார். 'நீ பம்பிலை நிண்டு மினக்கெடாதை, நான் பாத்துக்கொள்ளுறன்' என்பார். அவர் நல்ல மனுசன் என்று இவனும் வீட்டில் போய்ச் சொல்லியிருந்தான்! அவர் வீட்டின் நிலக்கீழ் அறையில் பெரிய எண்ணெய்த் தொட்டி ஒன்று உண்டு. அந்த எண்ணெயும் டீசலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் வீட்டு எண்ணெய்க்கு வரி குறைவு. அதை வாகனத்தில் விடுபவர்களைப் பிடிக்கவே அரசாங்கம் அதில் சிவப்புச் சாயம் கலக்கிறது. நிலக்கீழ் அறை எந்தக் குளிரிலும் உறைவதில்லை; ஆகவே அதற்குக் குளிர்கால மருந்தும் போடுவதில்லை. தம்பித்துரை சாயத்தை யோசித்திருக்கிறார், மெழுகை யோசிக்கவில்லை.

"நான் பொலிஸ் இல்லை," என்றான் ஹோல்கர். "ஆனால் சுங்கக்காரர்கள் இந்தப் பாதையில் மறித்து டாங்கிக்குள் குழாய் விட்டுப் பார்க்கிறார்கள். ஓட்டுபவரைத்தான் முதலில் பிடிப்பார்கள்."

குடியுரிமைக்காக ஞானப்பிரகாசம் போட்ட அன்ட்ராக் என்கிற விண்ணப்பம் அலுவலகத்தில் கிடந்தது. வசந்தத்தில் கிடைத்துவிடும், அதுவரை வழக்கு ஒன்றும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அங்கிருந்த பெண் சொல்லியிருந்தாள். இத்தனை மாதமும் அவன் ஓட்டிக்கொண்டு திரிந்தது அந்த வழக்கைத்தான்.

ஹோல்கர் சூடான காற்று ஊதிக் குழாய்களை இளக்கி, புது வடிகட்டி பூட்டி முடிக்கத் தம்பித்துரையின் கார் வந்து நின்றது. லொறி ஒரு உறுமலுடன் ஸ்டார்ட் ஆனது.

"பாத்தியோ, ஓடுது. ஏறு, ஏறு!" என்றார் தம்பித்துரை.

"டாங்கிக்குள்ளை என்ன விட்டனீங்கள் அண்ணை?"

தம்பித்துரை ஹோல்கரின் கையில் இருந்த போத்தலைப் பார்த்தார். குரல் இறங்கியது. "எல்லாம் ஒரே எண்ணெய்தானே. குசினியிலை எரிச்சாலும் எண்ணெய், விளக்கிலை எரிச்சாலும் எண்ணெய். ஊரே செய்யுது."

"ஊரோ? என்னைக் கேட்டுச் செய்தனீங்களோ?"

"கத்தாதை, வெள்ளைக்காரன் பாக்கிறான். இஞ்சை பார், ஆரும் மறிச்சால் நீ தெரியாமல் மாறி அடிச்சதெண்டு சொல்லு. நீ டிரைவர்தானே, உன்னை ஒண்டும் பெரிசா செய்யமாட்டாங்கள். என்ர பேரிலை கொம்பனி கிடக்கு."

"என்ர பேரிலை அன்ட்ராக் கிடக்கு."

"அதை வாற வருசமும் போடலாம்தானே."

அதைச் சொன்ன விதம்தான் ஞானப்பிரகாசத்தைச் சுட்டது. பஸ்ஸைத் தவறவிட்டவனிடம் அடுத்த பஸ் வரும் என்று சொல்வது மாதிரி. அவன் எஞ்சினை நிறுத்திச் சாவியை உருவி, தம்பித்துரையின் உள்ளங்கையில் வைத்தான்.

"நீங்கள் ஓடுங்கோ. வாங்கின புதிசிலை நீங்கள்தானே ஓடினனீங்கள். லைசன்ஸும் இருக்கு."

"விளையாடுறியோ? இலை கறுக்குது!"

"அப்ப கெதியா ஏறுங்கோ."

தம்பித்துரை கதவைத் திறந்தார். ஒரு காலைப் படியில் வைத்தார். நெடுஞ்சாலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். பிறகு காலை இறக்கிக்கொண்டார்.

"எனக்கு நாரி நோகுது," என்றார், இடுப்பைப் பிடித்தபடி.

"எனக்கு நாரி இல்லையோ அண்ணை? நீங்கள் இருக்கப் பயப்பிடுற சீற்றிலை என்னைக் கொண்டுபோய் இருத்தி வைச்சிருக்கிறியள், இத்தினை மாதமா! அதுக்குள்ளை நான் சூடாக்கேல்லை எண்டு பேச்சு வேறை!"

"இப்ப ஏறாட்டி நாளைக்கு வேலைக்கு வராதை."

"வரமாட்டன். உங்கட காருக்கும் இந்தச் சிவப்பைத்தானோ விட்டனீங்கள்?"

"அது பம்பிலை அடிச்சது," என்று முணுமுணுத்தார் தம்பித்துரை.

"அப்ப இலையை அதுக்குள்ளை ஏத்துங்கோ. அது சூடா ஓடும்."

ஹோல்கருக்கு மொழி புரியவில்லை என்றாலும் விஷயம் புரிந்திருக்க வேண்டும். லொறியை வேலைத்தலத்துக்கு இழுத்துப் போய் டாங்கியைக் கழுவ வேண்டும், யார் பொறுப்பேற்பது என்று கேட்டான். ஞானப்பிரகாசம் ஜெர்மனில், தரிப்பிடத்தில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி, சொன்னான்: "இவர்தான். லொறியும் இவருடையது, எண்ணெயும் இவருடையது."

ஹோல்கர் அவனைச் சீகன் ரயில் நிலையத்தில் இறக்கிவிடுவதாகச் சொல்லி முன் இருக்கையில் ஏற்றிக்கொண்டான். லொறியை இழுத்துக்கொண்டு வண்டி நகரும்போது தம்பித்துரை, கீழே இறக்கியிருந்த வாழையிலைக் கட்டுகளைக் கையுறை இல்லாத கைகளால் காரின் பின்சீட்டில் அடைத்துக்கொண்டிருந்தார்.

ஞானப்பிரகாசம் மனைவி வனஜாவுக்கு அழைத்தான்.

"வேலை போயிட்டுது," என்றான்.

"ஐயோ, என்னப்பா நடந்தது? அன்ட்ராக்குக்கு ஏதும் பிரச்சினையோ?"

"அதுக்கு ஒண்டும் இல்லை. மிச்சத்தை வந்து சொல்லுறன். இப்ப வாயைத் திறந்தால் தூசண வார்த்தைதான் வரும்."