வலது கன்னம், இடது கன்னம்

வீரமுத்து தாடையை உயர்த்திக் காட்டினார். சுகுமாறன் தன் பிளாஸ்டிக் அடையாள அட்டையை எடுத்து, அவர் கழுத்திலிருந்து மோவாய்வரை மேல்நோக்கி இழுத்தான். கரகரவென்று சத்தம் வந்தது.

"அண்ணே, இன்னொரு தடவ ஷேவ் எடுத்துட்டு வந்துருங்க."

"இப்பத்தான் எடுத்தேன் தம்பி. ரத்தம்கூட காயல."

"கார்டு சத்தம் போடுதுல்ல. நான் என்ன செய்யிறது?"

வெளியே, சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்களின் மோட்டார் சைக்கிள்கள் தடுப்புக்கட்டையின் முன் உறுமிக்கொண்டு நின்றன. ஜொகூர் பாருவின் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் ஜாகா எனப்படும் காவல் வேலை செய்பவர்களின் முகத்தில் முடி இருக்கக் கூடாது என்பது விதி. அதைப் பார்த்துக்கொள்வது மேற்பார்வையாளனான சுகுமாறனின் பொறுப்பு. வீரமுத்து கழிவறைக்குப் போய், கை கழுவுகிற சோப்பையே தாடையில் தேய்த்துக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தார். கழுத்தெல்லாம் சிவந்த கொப்புளங்கள். சில பழுத்திருந்தன. பிளேடு பட்டதும் அவற்றின் தலை போய் ரத்தம் கசிந்தது.

முன்பு தொலைக்காட்சிப் பெட்டித் தொழிற்சாலையில் இருந்தபோது அவர் முகத்தை யாரும் பார்த்ததில்லை. தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் மழித்தால் போதும். தொழிற்சாலையை மூடிய பிறகுதான் இந்த வேலை, தினமும் இந்தச் சவரம்.

ரத்தக்கறை படிந்த சட்டைக் காலரை ஊற வைத்துக் கசக்கிக் கசக்கி அவர் மனைவி செல்வராணி சலித்துப்போயிருந்தாள். அந்த வாரத்தில் சுகுமாறன் அவரைத் தனியாக அழைத்தான்.

"கமிட்டித் தலைவரு சிறீகாந்தன் சார் போன் பண்ணாரு. கேட்டுல நிக்கிறவருக்கு ஏதோ தோல் வியாதி போல, பிள்ளைங்க இருக்கிற எடம்ங்கிறாரு. நீங்க பாசார் மாலாம்ல, ராத்திரிச் சந்தையில, விக்கிற மலிவு சோப்பு போடுறீங்கண்ணே. அதான் பிரச்சன. கொஞ்சம் நல்லதா வாங்குங்க லா."

சிறீகாந்தன் யாரென்று வீரமுத்துவுக்குத் தெரியாது. கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பெரிய கார்தான் தெரியும்.

சிங்கப்பூர்க் கடையொன்றில் வேலை செய்யும் மகள் லோஷினி, விஷயம் கேள்விப்பட்டு ஒரு சவர சோப்பு வாங்கி வந்தாள். வட்டமான மரப்பெட்டி. கூடவே ஒரு பிரஷ்.

"வெலையக் கேக்காதீங்கப்பா. போட்டுப் பாருங்க."

நுரை வெண்ணெய்போல் எழுந்தது. சந்தன வாசனை வீட்டுக் கூடம்வரை வந்தது. பிளேடு இழுபடாமல் வழுக்கிக்கொண்டு போனது. சுகுமாறனின் அட்டையும் சத்தம் போடவில்லை. "பாத்தீங்களா?" என்றான். நாலைந்து நாளில் கொப்புளங்கள் திரும்பி வந்தன.

பெட்டிக்குள் பாதிக்குமேல் சோப்பு இருந்தது. மகளின் காசு வீணாகிவிட்டது என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. வலது கன்னத்துக்கு அதையும் இடது கன்னத்துக்குப் பழைய மலிவு சோப்பையும் போட்டுப் பார்ப்பதென்று முடிவு செய்தார். ஒரு வாரம் அப்படியே செய்தார். ஞாயிற்றுக்கிழமை வாசலில் உட்கார்ந்து செல்வராணியைக் கூப்பிட்டார். அவள் கத்தரிக்காயைத் திருப்பிப் பார்ப்பதுபோல் அவர் முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினாள்.

"ரெண்டும் ஒரே மாதிரிதாங்க இருக்கு. வாசம் மட்டும் இந்தப் பக்கம்."

மறுநாள் கிளினிக்குக்குப் போனார்கள். டாக்டர் இளம்பெண். விளக்கைக் கிட்டத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"சோப்புல ஒண்ணும் இல்ல அங்கிள். உங்களுக்குச் சுருட்ட முடி. தெனமும் ஒட்ட எடுக்கிறீங்க, நுனி உள்ளுக்கே வளைஞ்சு தோலக் குத்துது. ஒரு மாசம் பிளேடு படாம விடுங்க. அப்புறமும் மெஷின்ல லேசா வெட்டுனாப் போதும்."

"வேலையில விட மாட்டாங்கம்மா."

"கேட்டுப் பாருங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க."

சுகுமாறன் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தான். "தாடியோட மெயின் கேட்டுல நிக்க முடியாதுண்ணே. பின்னுக்குக் குப்பக் கேட்டு இருக்கு. அங்க யாரும் பாக்க மாட்டாங்க. நிக்கிறீங்களா?"

நின்றார். மின்விசிறி கிடையாது. குப்பை லாரி வந்துபோன பிறகு தரையில் வழியும் தண்ணீரை அவரே கழுவிவிட வேண்டும். நாற்றம் சட்டையோடு வீட்டுக்கு வந்தது. ஆனால் கொப்புளங்கள் ஒவ்வொன்றாகக் காய்ந்து உதிர்ந்தன. வெள்ளையும் கறுப்புமாகத் தாடி வளர்ந்தது. "கோயில் வாசல்ல உக்காந்தா தட்டுல காசு போடுவாங்க," என்று செல்வராணி சிரித்தாள். வெகுநாளைக்குப் பிறகு அவர் கன்னத்தைத் தலையணையில் அழுத்தி, பக்கவாட்டில் படுத்துத் தூங்கினார்.

மாதம் முடியுமுன் சுகுமாறன் பின்பக்கம் வந்தான்.

"அலமாக், தோல் நல்லா ஆயிருச்சேண்ணே. திங்கக்கெழம முன்னுக்கு வந்துருங்க. எடுத்துட்டு."

"எடுத்தா மறுபடியும் வந்துரும் தம்பி. நான் இங்கயே நிக்கிறேனே."

"இங்க கேமரா மாட்டப் போறாங்க. ஆளு வேணாமாம்." சுகுமாறன் அவர் முகத்தைப் பார்க்காமல் பேசினான். "முன்னுக்கு வரலன்னா வேற எடம் இல்லண்ணே. நான் கேட்டுப் பாத்துட்டேன்."

திங்கட்கிழமை வீரமுத்து முன்வாசலில் நின்றார். வெயில் ஏற ஏற வியர்வை பட்டுக் கழுத்து எரிந்தது. மாலையில் கறுப்புக் கண்ணாடி போட்ட கார் வந்து நின்றது. முதல் தடவையாக அதன் கண்ணாடி இறங்கியது. உள்ளிருந்து குளிர்காற்று வந்தது.

"வெரி குட். இப்பத்தான் பாக்க நீட்டா இருக்கு," என்றார் சிறீகாந்தன்.

"தேங்க் யூ, சார்."

வீரமுத்து பொத்தானை அழுத்தினார். தடுப்புக்கட்டை மெதுவாக மேலே ஏறியது. அது ஏறி முடிகிறவரை சிறீகாந்தன் காருக்குள் இருந்த பின்பார்வைக் கண்ணாடியில் முகம் பார்த்து, ஓரம் செதுக்கி எண்ணெய் பூசிய தன் தாடியை விரல்களால் கோதிவிட்டுக்கொண்டார்.