குர்பானித் தோல் ஏற்றிய கார்

இடுப்புக்கு மேலே நரம்பு சுண்டிச் சுண்டி இழுத்தது. தோல் பதனிடும் டேனரியில் ஈரத்தோல் இழுத்தே தேய்ந்த முதுகு. உமர் ஃபாரூக்கால் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார முடியவில்லை. எதிரே ஷோரூம் ஆட்கள், மேனேஜர், வக்கீல். இந்தப் பக்கம் அவர் ஒருத்தர்தான்.

டேனரியில் கணக்கு முடித்துக் கொடுத்த பணத்தில் வாங்கிய கார். மனைவி மவுத்தான பிறகு ஆம்பூர் வீட்டில் பேச்சுக்கு ஆளில்லை. நினைத்தபோது பெங்களூர் போய் மகள் ஹுமேராவைப் பார்க்கலாம் என்றுதான் வாங்கினார். வருஷம் திரும்புவதற்குள் ஒயரிங் முழுக்க உப்பு அரித்து வண்டி படுத்துவிட்டது. வாடகைக்குத் தோல் ஏற்றியிருக்கிறார், வாரண்டி கிடையாது என்றது ஷோரூம். தகராறு வந்தால் கோர்ட்டுக்குப் போகாமல் நடுவரிடம் தீர்த்துக்கொள்வதாக வாங்கும்போதே கையெழுத்துப் போட்டிருந்தார். அதனால்தான் காட்பாடியில் இந்த அறை.

நடுவர் சத்தியநாதன் பொறுமையாகவே கேட்டார். பக்ரீத் அன்று யத்தீம்கானாவில் வளரும் அநாதைப் பிள்ளைகளுக்காக வீடு வீடாகக் குர்பானித் தோல் சேர்த்ததையும், வேன் வராததால் உப்புப் போட்ட தோலைத் தன் டிக்கியில் அடுக்கிப் போனதையும் ஃபாரூக் மறைக்காமல் சொன்னார்.

"இன்னா பாய், பெட்ரோல் கூடவா உங்க காசு?" என்று வக்கீல் சிரித்தார்.

"அல்லாவுக்குச் செய்றதுக்கு யாருங்க பில்லு போடுவாங்க?"

சத்தியநாதன் பேனாவை மூடினார். "வாடகை வாங்கலேன்னு அந்த யத்தீம்கானாக்காரங்க ஒருத்தர் இன்னிக்கே வந்து சொல்லட்டும். சொன்னா, டிக்கி ரப்பர் சரியில்லாம உப்புத் தண்ணி ஒயரிங்குல இறங்கினது கம்பெனி கோளாறு. வண்டிய அவங்கதான் சரி பண்ணித் தரணும்."

சாப்பாட்டு நேரத்தில் ஷோரூம்காரர்கள் கூட்டமாக பிரியாணிக்குப் போனார்கள். ஃபாரூக் மாடிப்படியில் நின்று யத்தீம்கானா செயலாளர் அப்துல் கரீமுக்குப் போன் போட்டார். அன்றைக்கு முன்சீட்டில் உட்கார்ந்து வழி சொன்னதே கரீம்தான். கேட்டால் வந்து சாட்சி சொல்வதாக இன்று காலையும் சொல்லியிருந்தார்.

கரீம் எடுத்தார். பின்னால் பிள்ளைகள் ஓதும் சத்தம் கேட்டது.

"ஷோரூம் முதலாளிதான் மாசாமாசம் இங்க அரிசி எறக்குறாரு பாய். நான் வந்து அவருக்கு எதிரா நின்னா இதுங்களுக்கு இன்னா போடுவேன்?"

 அரிசி நின்றாலும் வந்து சொல்லுங்கள் என்று கேட்க ஃபாரூக்குக்கும் வாய் வரவில்லை.

சாட்சி இல்லாததால் வாரண்டி செல்லாது என்று சாயங்காலம் முடிவானது. பஸ்ஸில் திரும்பும்போது ஹுமேரா போனில் கூப்பிட்டாள். இன்னும் தீர்ப்பு ஆகவில்லை என்று சொல்லி வைத்துவிட்டார்.

வீட்டு வாசலில் கார் மேல் தூசி ஏறிக் கிடந்தது. அப்துல் கரீமிடமிருந்து அவருக்கு வர வேண்டிய சாட்சி ஒன்று பாக்கி.